குழம்புக்குத் தொட்டுக்க காய்: தண்ணீர் விடாத பொரியல், பிசுபிசுக்காத வறுவல்

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் எங்கள் காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் காய்கறிக்குத் திடீரென்று மரியாதை கூடிவிடும். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஃபைபர் படகில் கரையோரமாகப் பிடித்து வருவது கொஞ்சம் கிடைக்கும், ஆனால் அதன் விலையைக் கேட்டுவிட்டு அப்படியே காய்கறி வண்டிப் பக்கம் திரும்புகிறவர்கள்தான் அதிகம். புரட்டாசியிலும் பல வீட்டில் இதே கதை. வஞ்சிரம் வறுக்கவும் நெத்திலிக் குழம்பு வைக்கவும் அளவே பார்க்காத கைகள், கால் கிலோ கோஸ் முன்னால் தடுமாறுவதை அப்போதுதான் பார்க்கலாம். பொரியல் என்று ஆரம்பித்தது கூட்டாக முடியும், வெண்டைக்காய் வறுவல் பசையாக முடியும். பிள்ளைகள் அப்பளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

இது முதல்முறை காய் சமைக்கிறவர்களுக்கான விளக்கம். காய் நறுக்குவது, தேங்காய் உடைப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நான் சொல்லப்போவது ஒரே ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்: தண்ணீர். காய் ருசியாக வரவில்லை என்றால் நாம் மசாலாவைத்தான் குறை சொல்கிறோம், இன்னொரு பாக்கெட் மசாலா வாங்குகிறோம். பெரும்பாலும் கோளாறு மசாலாவில் இல்லை, சட்டிக்குள் தேங்கி நிற்கிற தண்ணீரில்தான். தண்ணீர் இருக்கும்வரை காய் வேகும், ஆனால் வறுபடாது. வறுபடாவிட்டால் அந்த வாசனை வராது.

முதலில் பாத்திரம்

அகலமான இரும்புச் சட்டி. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. நான்-ஸ்டிக்கில் காய் ஒட்டாது, சரி, ஆனால் நல்ல சூட்டில் வைத்து வதக்கவும் முடியாது. அந்தப் பூச்சு காலிச் சட்டியாக ரொம்பச் சூடானால் கெட்டுப்போகும் என்பதால் பயந்து பயந்து சிம்மிலேயே சமைப்போம், காய் தன் தண்ணீரிலேயே வெந்துபோகும். இரும்புச் சட்டி பாரிமுனைப் பக்கத்துப் பாத்திரக் கடைகளில் கிடைக்கிறது. வாங்கி வந்ததும் நன்றாகத் தேய்த்துக் கழுவி, சோறு வடித்த கஞ்சியைக் கொதிக்க வைத்து ஊற்றி, துடைத்துக் காயவைத்து எண்ணெய் தடவி வைத்தால் போதும். புளி, எலுமிச்சை, தயிர் இவற்றை மட்டும் இரும்பில் தங்க விடாதீர்கள். கறுத்துவிடும், இரும்பு வாடையும் அடிக்கும்.

அகலம் ஏன் முக்கியம் என்றால், காய் ஒரே அடுக்காகப் பரவ வேண்டும். குவியலாகக் கிடந்தால் கீழிருந்து வருகிற ஆவி மேலே இருக்கிற காயில் பட்டுத் தண்ணீராகி மறுபடியும் கீழே இறங்கும். பத்து அங்குலச் சட்டிக்குக் கால் கிலோ சரியாக இருக்கும். அரைக் கிலோ என்றால் இரண்டு தடவையாகச் செய்யுங்கள். நேரம் அதிகம் ஆகாது, குவித்துப் போட்டால் எப்படியும் அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும்.

அப்புறம் அந்தக் கயிறு இழுக்கிற சாப்பர். வெங்காயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், கோஸுக்கும் பீன்ஸுக்கும் வேண்டாம். அது நறுக்குவதில்லை, நசுக்குகிறது. நசுங்கிய கோஸ் அடுப்பில் ஏறும் முன்பே தண்ணீர் விட ஆரம்பித்துவிடும்.

காயை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

தானாகவே தண்ணீர் விடுகிற காய்: கோஸ், புடலங்காய், சுரைக்காய், பீர்க்கங்காய், சௌசௌ, எல்லாக் கீரையும். இவற்றுக்குத் தண்ணீர் ஊற்றவே வேண்டாம்.

கொஞ்சம் தண்ணீர் கேட்கிற காய்: பீன்ஸ், கேரட், கொத்தவரங்காய், பீட்ரூட். பீன்ஸிலும் எடையில் சுமார் 90 சதவீதம் தண்ணீர்தான், கோஸில் 92. ஆனால் பீன்ஸின் சதை இறுக்கமானது, லேசில் விட்டுக்கொடுக்காது. அதனால் ஒரு கை தண்ணீர் தெளித்து, உப்பை முதலிலேயே போட்டு, மூடி வைத்து வேகவிட்டு, கடைசியில் திறந்து தண்ணீரை வற்றவிட வேண்டும்.

மூன்றாவது, வழவழப்புக் காய். வெண்டைக்காயும் சேப்பங்கிழங்கும். இவற்றுக்குத் தனிச் சட்டம்.

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. எல்லாக் காய்க்கும் ஒரே மாதிரி “தாளி, போடு, தண்ணி தெளி, மூடு” என்று செய்வதால்தான் ஒரு நாள் நன்றாக வந்தது மறுநாள் சொதப்புகிறது.

கோஸ் பொரியல், இதில் ஆரம்பியுங்கள்

கால் கிலோ கோஸ். இறுக்கமாக, கையில் எடுத்தால் கனமாக இருப்பதைப் பாருங்கள். கொத்தவால் சாவடி மார்க்கெட் 1996-இல் கோயம்பேட்டுக்குப் போன பிறகு எங்கள் பகுதி வண்டிக்காரர்கள் விடியற்காலையில் அங்கே போய்ச் சரக்கு எடுத்து வருகிறார்கள். காலையில் வாங்குவதும், வெயிலில் நாள் முழுக்க நின்றதைச் சாயங்காலம் வாங்குவதும் ஒன்றல்ல. மெல்லியதாக, நீளவாக்கில் நறுக்குங்கள். நறுக்கிய பிறகு கழுவாதீர்கள். வெளி இலையை உரித்துப் போட்டு, பாதியாகவோ காலாகவோ வெட்டி அப்போதே கழுவி, தண்ணீர் வடியக் கவிழ்த்து வைத்துவிட்டு அப்புறம் நறுக்குங்கள்.

சட்டி காய்ந்ததும் 2 டீஸ்பூன் கடலை எண்ணெய். ஒரே ஒரு கடுகைப் போட்டுப் பாருங்கள். உடனே வெடித்தால் அரை டீஸ்பூன் கடுகு, அது அடங்கும்போது ஒரு டீஸ்பூன் உளுத்தம்பருப்பு. உளுந்து பொன்னிறத்துக்கு வர வேண்டும், வெள்ளையாக இருக்கும்போதே காயைக் கொட்டினால் பல்லில் கல் மாதிரி சிக்கும். இரண்டு காய்ந்த மிளகாய் கிள்ளிப் போட்டு, கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம்.

இப்போது கோஸ். அடுப்பு பெரிய தீயில் இருக்கட்டும். இரண்டு நிமிடம் புரட்டிக்கொண்டே இருங்கள், பிறகு நடுத்தரத் தீயில் ஐந்தாறு நிமிடம். மூடி கிடையாது. உப்பு கடைசி இரண்டு நிமிடத்தில்தான், அரை டீஸ்பூனுக்கும் குறைவாக, ஏனென்றால் கோஸ் நன்றாகச் சுருங்கும், பச்சையாக இருக்கும்போது பார்த்துப் போட்டால் கரிக்கும். முதலிலேயே போட்டால் உப்பு காய்க்குள் இருக்கிற தண்ணீரை வெளியே இழுத்துவிடும், அப்புறம் அது வற்றுகிறவரை நின்றால் காய் குழைந்திருக்கும். கோஸில் லேசான கடிபதம் இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட்டு 2 டேபிள்ஸ்பூன் தேங்காய்த் துருவலைச் சேருங்கள். தேங்காயை அடுப்பு எரியும்போது போட்டு வதக்குகிறவர்கள் உண்டு, எனக்கு அந்தக் கமறல் வாசனை பிடிக்காது.

புடலங்காய், சௌசௌ, கீரை எல்லாம் இதே வழிதான். கீரைக்கு நேரம் பாதி போதும், முருங்கைக்கீரைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகும்.

பீட்ரூட்டைப் பற்றித் தனியாக எழுத ஒன்றுமில்லை. பீன்ஸ் போலவே செய்து, காரத்துக்குப் பச்சை மிளகாய் போடுங்கள், அதன் தித்திப்புக்கு அதுதான் எடுக்கும்.

வெண்டைக்காய், இங்கேதான் எல்லோரும் விழுவது

அரைக் கிலோ வாங்குங்கள், வதங்கினால் பாதிதான் மிஞ்சும். நுனியை ஒடித்தால் பட்டென்று ஒடிய வேண்டும், வளைந்து கொடுப்பதை விட்டுவிடுங்கள். காய் விற்கிற அக்கா முறைத்தால், “பிஞ்சா இருக்கா பார்க்கிறேன்கா” என்று சொல்லி நான்கைந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்த வழவழப்பு காய்க்குள்ளேயே இருக்கிற ஒரு பசைப்பொருள். தண்ணீர் கிடைத்தால் அது கரைந்து, ஊறி, நூல்விடும். தண்ணீர் போய்விட்டால் அடங்கிவிடும். அதனால் செய்ய வேண்டியது எல்லாமே அதைத் தண்ணீரிலிருந்து பிரிப்பதுதான். முழுக்காயாகக் கழுவி, துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, செய்தித்தாளில் பரப்பி ஃபேனுக்குக் கீழே வையுங்கள். கடற்கரைக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் இதைத் தாண்டிப் போகவே கூடாது, இங்கே காற்றிலேயே ஈரம், மேலே பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், காம்புப் பக்கத்தில் தண்ணீர் நிற்கும். முடிந்தால் முந்தின நாள் ராத்திரியே கழுவித் துடைத்து வைத்துவிடுங்கள். கத்தியும் பலகையும்கூட ஈரமில்லாமல் இருக்க வேண்டும். துண்டுகள் ஒரு விரல் அகலத்துக்கு இருக்கட்டும். பொடியாக நறுக்கினால் வெட்டுவாய் அதிகம், பசையும் அதிகம் வெளியே வரும்.

சட்டியில் 3 டேபிள்ஸ்பூன் எண்ணெய். குறைக்காதீர்கள், வேண்டுமானால் கடைசியில் வடித்துக்கொள்ளலாம். கடுகு தாளித்து, பாதி வெண்டைக்காயை மட்டும் போட்டு ஒரு தடவை புரட்டி, எண்ணெய் எல்லாவற்றிலும் படும்படி பரப்பிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். நடுத்தரத் தீ. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை திருப்பினால் போதும், கிண்டிக்கொண்டே இருந்தால் விதை உதிர்ந்து பசை இன்னும் வரும்.

நாலு, ஐந்து நிமிடத்தில் ஒரு கட்டம் வரும். கரண்டியைத் தூக்கினால் சிலந்தி வலை மாதிரி நூல் நூலாக எழும்பும், பார்க்கவே சகிக்காது. கெட்டுப்போய்விட்டது என்று முடிவு செய்துவிட்டு இந்த நேரத்தில்தான் ஆளாளுக்கு ஒன்று செய்வார்கள். ஒருவர் தண்ணீர் தெளிப்பார், ஒருவர் மூடி போடுவார், ஒருவர் உப்பைக் கொட்டுவார். மூன்றும் தப்பு. மூன்றுமே ஈரத்தைக் கூட்டுகிற வேலை. நூல் வருவது என்றால் பசை வெளியே வந்திருக்கிறது, அதிலிருக்கிற தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். தீயைக் கொஞ்சம் கூட்டிவிட்டு அப்படியே விடுங்கள். எட்டு, ஒன்பது நிமிடத்தில் நூல் குறையும், பன்னிரண்டு நிமிடத்துக்குள் கரண்டியைத் தூக்கினால் ஒன்றும் வராது, துண்டுகளின் ஓரம் பழுப்பேறத் தொடங்கும். உப்பும் ஒரு டீஸ்பூன் மிளகாய்த்தூளும் கால் டீஸ்பூன் மஞ்சள்தூளும் இப்போதுதான். இன்னும் இரண்டு, மூன்று நிமிடம் வதக்கி, வேறு தட்டுக்கு மாற்றிவிட்டு மீதிப் பாதியையும் அதே மாதிரி செய்யுங்கள். மசாலாவையும் உப்பையும் இரண்டு ஈட்டுக்கும் பிரித்துப் போட வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அவசரம் என்றால் ஒரு டீஸ்பூன் தயிரோ சில சொட்டு எலுமிச்சையோ சேர்த்தால் நூல் சீக்கிரம் வெட்டுப்படும், புளிப்புக்கு அந்தக் குணம் உண்டு. ஆனால் இரும்புச் சட்டி என்று முன்னால் சொன்னேனே, அதில் புளிப்பு வேண்டாம். எவர்சில்வர் கடாயில் செய்கிறவர்கள் சேர்க்கலாம். புளிப்பு இல்லாமலேயே வெண்டைக்காய் இரும்பில் கொஞ்சம் கறுக்கும். ருசியில் குறை வராது.

மிளகாய்த்தூள் எந்த மிளகாய்த்தூள்? எங்கள் பக்கத்து வீடுகளில் இரண்டு டப்பா இருக்கும். ஒன்று மில்லில் அரைத்த குழம்பு மிளகாய்த்தூள், அதில் மிளகாயோடு தனியா, மிளகு, சீரகம், பருப்பு, விரலி மஞ்சள் என்று வீட்டுக்கு வீடு ஒரு கணக்கு. இன்னொன்று தனி மிளகாய்த்தூள். வெண்டைக்காய்க்குத் தனித்தூள்தான். குழம்புத்தூளைப் போட்டால் அதிலிருக்கிற தனியா மேலே மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு, காய் மொறுமொறுப்பாகும் முன்பே தூள் தீய ஆரம்பிக்கும். உருளைக்கிழங்கு வறுவலுக்குக் குழம்புத்தூள் அருமையாக இருக்கும், அதற்கு எடுத்து வையுங்கள்.

வாழைக்காய் வறுவல், மீன் மசாலாவோடு

புரட்டாசியில் எங்கள் தெருவில் வாசனையை வைத்து எந்த வீட்டில் விரதம், எந்த வீட்டில் இல்லை என்று கண்டுபிடிக்க முடியாது. காரணம் இந்த வறுவல். மீனுக்குத் தடவுகிற அதே மசாலாவை வாழைக்காயில் தடவித் தோசைக்கல்லில் போடுவோம்.

இரண்டு வாழைக்காய். தோல் சீவுமுன் உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கறை பிடிக்கும், துணியில் பட்டால் போகவே போகாது. அரை விரல் தடிமனுக்குச் சாய்வாக வெட்டி உடனே தண்ணீரில் போடுங்கள், காற்றுப்பட்டால் கறுக்கும். கொதிக்கிற தண்ணீரில் உப்பு, மஞ்சள் போட்டு மூன்று, நான்கு நிமிடம். கத்தி முனை இறங்க வேண்டும், ஆனால் துண்டு உடையக் கூடாது. முக்கியமாக, இந்தத் தண்ணீரில் புளியோ எலுமிச்சையோ சேர்க்காதீர்கள். புளிப்பு பட்ட காய் இறுகிப்போகும், லேசில் வேகாது. வாழைக்காய்க்கு மட்டுமில்லை, புளிக்குழம்பில் பச்சைக் கிழங்கைப் போட்டால் வேகாமல் நிற்பதும் இதனால்தான்.

வடிகட்டி, ஆறவிட்டு, ஈரம் போனதும் மசாலா: ஒன்றரை டீஸ்பூன் தனி மிளகாய்த்தூள், கால் டீஸ்பூன் மஞ்சள், அரை டீஸ்பூன் சோம்புத்தூள், ஒரு டீஸ்பூன் இஞ்சி பூண்டு விழுது, ஒரு டீஸ்பூன் அரிசி மாவு, உப்பு, அரை மூடி எலுமிச்சை. காய் வெந்துவிட்டதால் இப்போது புளிப்பு தாராளமாகச் சேரலாம். தண்ணீர் ஊற்றாமல் கெட்டியாகக் குழைத்துத் தடவி ஒரு கால் மணி நேரம் வையுங்கள். தோசைக்கல்லில் 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய், நடுத்தரத் தீ, ஒரு பக்கம் மூன்று நிமிடம். தோசைத் திருப்பியால் தொட்டால் துண்டு தானாக விட வேண்டும். விடவில்லை என்றால் இன்னும் வறுபடவில்லை. இழுத்தால் மசாலா கல்லிலும் காய் கரண்டியிலும் போய்விடும். மேலே கறிவேப்பிலையைப் பொரித்துப் போடுங்கள். ரசச் சோறு இருந்தால் வேறு எதுவும் வேண்டாம்.

சுரைக்காய்க் கூட்டு, சுருக்கமாக

கால் கப் பாசிப்பருப்பைக் கழுவி, மலர வேகவைத்துக்கொள்ளுங்கள், குழைய வேண்டாம். நல்ல தண்ணீரில் வேகவையுங்கள். வடசென்னையில் பல இடங்களில் போர் தண்ணீர் கடினமானது, சில தெருக்களில் உப்பும் கரிக்கும். அதில் பருப்பு வேக அநியாயத்துக்கு நேரம் எடுக்கும், பருப்பு பழசோ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் தண்ணீரை மாற்றிப் பாருங்கள். கால் கிலோ சுரைக்காயைத் தனியாக, தண்ணீரே இல்லாமல், மஞ்சளும் உப்பும் போட்டு மூடி வைத்தால் தன் தண்ணீரிலேயே வெந்துவிடும். இங்கே மட்டும் தண்ணீர் நமக்கு வேண்டும், அதனால்தான் உப்பு முதலில், மூடியும் உண்டு. 3 டேபிள்ஸ்பூன் தேங்காய், ஒரு டீஸ்பூன் சீரகம், இரண்டு பச்சை மிளகாய், அரை டீஸ்பூன் அரிசி மாவு அரைத்து, பருப்போடு சேர்த்து இரண்டு கொதி. தாளிப்பு தேங்காய் எண்ணெயில்.

பின்னால் சேர்த்தவை

கேள்விகள் வர வர இங்கே சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

பொரியல் ஏற்கெனவே தண்ணீர் விட்டுவிட்டது, என்ன செய்வது? பொட்டுக்கடலையைப் பொடித்து இரண்டு டீஸ்பூன் தூவிப் புரட்டுங்கள், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதைவிட நல்லது, ஒரு பொடியைச் செய்தே வைத்துக்கொள்வது: 2 டேபிள்ஸ்பூன் கடலைப்பருப்பு, ஒன்று உளுந்து, ஒன்று தனியா, நான்கு காய்ந்த மிளகாய், எல்லாம் சில சொட்டு எண்ணெயில் சிவக்க வறுத்துக் கொரகொரப்பாக அரைப்பது. கத்தரிக்காய், கோவைக்காய்க்கு இது இருந்தால் வேறு மசாலா தேவையில்லை.

இண்டக்ஷன் அடுப்பில் குழிவான இரும்புச் சட்டி உட்காராது என்று சிலர் சொன்னார்கள். உண்மைதான், அடி தட்டையாக இருக்கிற இரும்புச் சட்டியாகப் பார்த்து வாங்குங்கள். ஓரங்களில் சூடு குறைவாக இருக்கும், அதனால் காயை நடுவுக்குத் தள்ளித் தள்ளி வதக்க வேண்டியிருக்கும்.

ஃப்ரீசரில் வைத்த தேங்காய்த் துருவலை அப்படியே போட்டால் அதிலிருக்கிற ஐஸ் உருகிப் பொரியல் நனைந்துவிடுகிறது. முதலிலேயே வெளியே எடுத்து வைத்து, வெறும் சட்டியில் அரை நிமிடம் பிரட்டிவிட்டுச் சேருங்கள்.

டிபன் பாக்ஸுக்குக் கட்டுகிறவர்களுக்கு இரண்டு விஷயம். சூடாக மூடினால் ஆவி மூடியில் பட்டு மறுபடியும் காய்மேலேயே சொட்டும், தட்டில் பரப்பி ஆறவைத்துவிட்டுக் கட்டுங்கள். அப்புறம், நம் ஊர் வெயிலில் தேங்காய் போட்ட பொரியல் மதியத்துக்குள் ஊசிப்போக வாய்ப்பு அதிகம். தேங்காய்க்குப் பதில் வறுத்த வேர்க்கடலையைக் கொரகொரப்பாகப் பொடித்துப் போடுங்கள், கோஸுக்கும் பீன்ஸுக்கும் நன்றாகவே இருக்கும். வெண்டைக்காய் வறுவல் மட்டும் டப்பாவுக்குள் போனால் மொறுமொறுப்பு போய்விடும், அதற்கு என்னிடம் வழி கிடையாது. அதை வீட்டில் இருக்கிற நாளில் செய்துகொள்ளுங்கள்.